மிச்சமில்லாத சமன்பாடு

ஜூலை 12, ஞாயிறு

இன்று ஆராதனை நடுவில் எழுந்து நின்று கத்தாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது ஒரு கேடயம் கொடுக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் கரும்பலகையே கொண்டுவரச் சொல்லி E=mc² என்று எழுதினார். அதில் சுவிசேஷம் ஒளிந்திருக்கிறதாம். E என்றால் இம்மானுவேல், m என்றால் மேசியா, c என்றால் கிறிஸ்து. மேலே ஒரு சின்ன இரண்டு இருக்கிறதே, அது எதற்கு? இரண்டாம் வருகைக்காம். சபை முழுக்க அல்லேலூயா. எனக்கு முன்னால் இருந்த ஜெசிந்தா அக்கா, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர், அதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டார்கள்.

இருபத்தாறு வருடமாகப் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறேன். ஆராதனை முடிந்ததும் நேரே குருவானவர் ஜெயசிங் ஐயாவிடம் போனேன். "ஐயா, இதே மனுஷன் நாளைக்கு நியூட்டன் விதியில நோவாவைக் கண்டுபிடிப்பாரு. பிள்ளைங்க நம்மளப் பார்த்துச் சிரிக்கும்" என்றேன். அவர் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"குறை சொல்லுதது லேசு டீச்சர். ஆகஸ்ட் ஒம்பது பெண்கள் ஞாயிறு. பிரசங்கத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கல. அதே சமன்பாட்ட வச்சு நீங்களே பேசுங்களேன்."

கோபத்தில் இருந்தேன். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் சிரித்துக்கொண்டே வந்தார். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் கம்பம் ஏறி, ஃபோர்மேனாகப் போன வருடம் ஓய்வுபெற்ற மனிதர். பெயர் சாமுவேல் தங்கையா. இந்த டைரியில் அந்தப் பெயரை எழுதுவதே இதுதான் முதல் தடவை. "வாயக் குடுத்து மாட்டிக்கிட்டியாளா?" என்று கேட்டுவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டார். கழுத்தில் கிளம்பியிருக்கும் கட்டியிலிருந்து பரிசோதனைக்கு எடுத்த சதைக்குப் புதன்கிழமை ரிசல்ட்.

ஜூலை 15, புதன்

நிணநீர்ப் புற்றுநோய்.

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். இவர் வெளியே, மின்விசிறி ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க மதுரையில் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். "சார்கிட்ட நானே சொல்லட்டுமா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

இவருடைய அண்ணனுக்கு இதே மாதிரி வந்தது. வியாதியின் பெயர் தெரிந்த பதினெட்டாம் நாள் போய்விட்டார். கட்டி அவரைக் கொல்லவில்லை, அந்தப் பெயர்தான் கொன்றது. இந்தக் குடும்பத்து ஆட்கள் கரண்டுக்குப் பயப்படமாட்டார்கள், ஒரு வார்த்தைக்கு விழுந்துவிடுவார்கள்.

வெளியே வந்து, "நெறிக்கட்டிதானாம். டி.பி. கிருமியாம். ஆறு மாசம் மாத்திரை. தெளிவாப் பாக்க ஒரு ஸ்கேன் மட்டும்" என்றேன். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன், அதனால் நம்பினார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லை. கண்ணாடி என் கைப்பையில் இருந்தது. அது அங்கே எப்படி வந்தது என்று எழுத எனக்கு இஷ்டமில்லை.

மஸ்கட்டில் இருக்கும் மகனிடமும் நெறி என்றே சொல்லியிருக்கிறேன். வரும் வழியில் இவர் சந்தோஷமாக அரைக் கிலோ ஊளி மீன் வாங்கினார்.

ஜூலை 19, ஞாயிறு

பிரசங்கத்துக்கு உட்கார்ந்தேன். தாளின் மேலே E=mc² என்று எழுதி, கீழே கோடு போட்டேன். அவ்வளவுதான்.

நானும் எத்தனை வருடம் இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். நிறையை ஒளியின் வேகத்தால் பெருக்கி, மறுபடியும் அதே வேகத்தால் பெருக்கினால், அதற்குள் இருக்கும் ஆற்றல். குழந்தையும் மனப்பாடம் செய்துவிடும். அழகு என்று பார்த்தால், அந்தச் சமக்குறிதான் அழகு. நிறை ஆற்றலாக மாறும் என்று அது சொல்லவில்லை. இரண்டும் ஒன்றே என்கிறது. கனமாக, மந்தமாகக் கிடக்கிற எல்லாவற்றுக்குள்ளும் அதே அளவு வெளிச்சம் குடியிருக்கிறது. ஆனால் இதில் கிறிஸ்துவுக்கு என்ன வேலை? இழுத்துப் பொருத்தினால் நானும் அந்தப் பிரசங்கியாரும் ஒன்றுதான்.

இவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் சரி, எத்தனை யூனிட் வரும்? அதச் சொல்லு" என்றார். ஒரு அரிசி இருபது மில்லிகிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஐந்து லட்சம் யூனிட்.

"ஒத்த அரிசிக்கா?"

"ஒத்த அரிசிக்குத்தான். நம்ம வீட்டுக்கு எரநூத்தி எழுபது வருஷம் காணும்."

கையில் இருந்த அரிசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டார். எடுக்க முடியாது என்றேன். அரிசியை எரித்தால் கோடியில் ஒரு பங்குகூட வெளியே வராது. அணுகுண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூரியனே நூற்றில் ஒரு பங்கைக்கூடக் கொடுப்பதில்லை. "அப்ப எல்லாம் இறுக்கிப் பிடிச்சு வச்சுக்கிட்டுத்தான் குடுக்கு" என்று சொல்லிவிட்டு அரிசியை முறத்தில் போட்டார்.

குடும்ப ஜெபத்தை இந்த வாரம் முழுக்க இவரையே செய்யச் சொன்னேன். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

ஜூலை 22, புதன்

பள்ளியில் மாதத் தேர்வு. ஸ்கேனுக்கு 28ஆம் தேதி, செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தொண்டை அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 24, வெள்ளி

நான் ஒரு முட்டாள். இருபத்தாறு வருட அனுபவமுள்ள முட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆலயத்தில் பெண்கள் உபவாச ஜெபம் நடக்கும். ஜெப விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம், பெயர் எழுத வேண்டியதில்லை. என்னால் ஜெபிக்க முடியாத போது மற்றவர்களாவது ஜெபிக்கட்டுமே என்று, காலையில் பள்ளிக்குப் போகும்போது ஒரு சீட்டுப் போட்டுவிட்டுப் போனேன். பெயர் இல்லை, கையெழுத்தைக்கூட மாற்றி எழுதினேன். ஆனால் ஜெபிக்கிறவர்களுக்கு விவரம் வேண்டும் என்று எங்களை வளர்த்திருக்கிறார்களே! அதனால் விவரமாக எழுதினேன். "கழுத்தில் புற்றுநோய் கண்டிருக்கும், அதை இன்னும் அறியாத, ஓய்வுபெற்ற ஒரு சகோதரருக்காக. செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மதுரையில் ஸ்கேன். அந்த நேரத்தில் ஜெபிக்கவும்."

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் ஜெசிந்தா அக்காவைப் பார்த்தேன். "யாரோ பாவம், ஒரு சீட்டு வந்துச்சு டீச்சர். ரெண்டு தடவ வாசிச்சேன், எல்லாரும் அழுதுட்டாங்க. கோபுரத்துல புது ஸ்பீக்கர் போட்டிருக்கில்லா, உங்க தெரு வரைக்கும் கணீர்னு கேட்டிருக்கும்" என்றார்கள். ஒரு சந்தேகமும் இல்லாத முகம்.

வீட்டுக்கு ஓடினேன். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தேன், எப்போதும்போல் இருந்தது. "டீ போடட்டுமா?" என்று என்னைக் கேட்டார். பகலில் எங்காவது போனீர்களா என்று கேட்டதற்கு, தூங்கிவிட்டேன் என்றார். நல்லவேளை. இவருக்குப் பகல் தூக்கம் ஆழமான தூக்கம்.

ஜூலை 25, சனி

இவருக்கு ஓய்வுபெற்றபின் பொழுது போகவில்லை, பாவம். காலையிலிருந்து சுவிட்ச் போர்டு ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார். மோட்டார். கிரைண்டர். மாடி விளக்கு. மெயினுக்குப் பக்கத்தில் மட்டும் பெரிய எழுத்தில்: "இடி மின்னல் என்றால் இதை முதலில் கீழே தள்ளு."

"இந்த வீட்ல பத்தொம்பது வருஷமா இருக்கோம், எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"உனக்கு எதாவது தெரியுமா? ஃபியூஸ் போனா நீ சாமுவேல்னுதான கூப்பிடுவ. இங்க வா, ஒரு தடவ நீயே மாட்டு."

மூன்று தடவை கழற்றி மாட்டவைத்தார். அப்புறம் எரிவாயு புத்தகம், வீட்டு வரி ரசீது எல்லாம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டினார். மழைக்காலம் வருமுன் வீட்டை ஒழுங்குபடுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 26, ஞாயிறு

ஆராதனை. மத்தியானம் ஆட்டு ஈரல். பிரசங்கம் ஒரு வரியும் நகரவில்லை.

ஜூலை 28, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை நாலு மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். இவர் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பதால் நானும் சாப்பிடவில்லை. ஒன்பது மணிக்கு ஊசி போட்டு, ஒரு சின்ன அறையில் தனியாகப் படுக்கவைத்தார்கள். ஒரு மணி நேரம் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். அதன் வழியாகப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். வெள்ளிக்கிழமைப் பெண்கள் இப்போது ஜெபித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஜெபத்துக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அங்கிருந்த டெக்னீஷியன் பெண்ணிடம் ஊசியில் என்ன மருந்து என்று கேட்டேன். சர்க்கரை மேடம் என்றாள். சர்க்கரையில் ஒரு கதிரியக்க அணுவைக் கட்டி அனுப்புகிறார்களாம். புற்றுக்குச் சர்க்கரை என்றால் பேராசை, அதனால் அது எங்கே இருக்கிறதோ அங்கே இது போய்ச் சேரும். "அங்க போயி பாசிட்ரான் விடும்" என்றாள்.

பாசிட்ரான் என்றதும் எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். பாசிட்ரான் எலக்ட்ரானின் மறுபாதி. மின்னூட்டம் மட்டும் எதிர். உடம்புக்குள் வெளியே வந்த மாத்திரத்தில் ஒரு எலக்ட்ரானைச் சந்திக்கும். இரண்டும் அங்கேயே இல்லாமல் போகும். முழுக்க. இருந்த இடத்தில் துகளும் இல்லை, தூசியும் இல்லை. இருந்த நிறை அத்தனையும் இரண்டு ஒளிக்கதிராகிக் கிளம்பும். எவ்வளவு ஆற்றல் என்று கேட்டால் பதில் E=mc², ஒரு புள்ளி கூடாமல் குறையாமல். குண்டு கொடுக்காததை, சூரியன் கொடுக்காததை, இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜோடி கொடுக்கிறது. மிச்சம் வைக்காமல். அதுவும் எங்கே? என் வீட்டுக்காரர் கழுத்துக்குள்ளே. சத்தமே இல்லாமல்.

பாடமாக இது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றபோது அது பாடமாக இல்லை. கொல்வதற்காக வராமல், எங்கே வலிக்கிறது என்று காட்டுவதற்காகவே தன்னை முழுதாக இழக்கிற ஒரு வெளிச்சம் உண்டு என்பது எனக்கு நேராக ஒருவரை ஞாபகப்படுத்தியது. நான் இழுத்துப் பொருத்தவில்லை. அதுவாக வந்து நின்றது.

ஸ்கேன் முடிந்து திரும்பும்போது சாத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். உடம்பில் கதிர்வீச்சு இருக்கும், குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் மட்டும் இன்றைக்குப் போக வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் இவர் என்னையும் பக்கத்தில் விடவில்லை. காரிலும் முன்னால்தான் உட்கார்ந்து வந்தார். "தள்ளி உக்காருளா. கரண்டும்தான் கண்ணுக்குத் தெரியாது" என்று பெஞ்சின் அந்தக் கடைசிக்குப் போனார். நான் இந்தக் கடைசியில். நடுவில் ஒரு ஆள் படுக்கலாம்.

"அந்த மிஷின் எப்படி இடத்தக் கண்டுபிடிக்கி?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ரெண்டு வெளிச்சமும் எதிரெதிர்த் திசையில போகும். சுத்தி வளையமா கருவி இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வந்து தட்டுனாத்தான் கணக்குல எடுத்துக்கிடும். ஒரு பக்கம் மட்டும் தட்டுனா, நம்பாது. தள்ளிரும்."

டீயை ஒரு வாய் குடித்தார். "அப்ப ஒரு ஆளு மட்டும் சொன்னா இடம் தெரியாது."

"தெரியாது."

"ஹெலன், வெள்ளிக்கிழம நான் தூங்கல."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"செவ்வாக்கிழம, மதுரை, ஒம்பது மணின்னு ரெண்டு தடவ வாசிச்சா அந்த அக்கா. நீயா சொல்லுவேன்னு நாலு நாளாப் பாத்தேன். நானாக் கேட்டா நீ உடஞ்சிருவேன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அதை மறைக்க மாட்டேன். "நீங்களும்தான என்ன ஏமாத்துனீங்க. நாலு நாளு ஃபியூஸ் மாட்டச் சொல்லிக் குடுத்தீங்க" என்றேன். பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பேரைக் கேட்டே போய்விட்டாரே, நீங்களும் அப்படிப் போய்விடுவீர்கள் என்றுதான் பயந்தேன் என்றேன்.

இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கண்ணன் பேரக் கேட்டுச் சாகலளா. நாங்க யாரும் அவன்கிட்ட பேசாமப் போனதுல செத்தான். ரூமுக்குள்ள போனாப் பேச்ச நிறுத்திருவோம். மழ, பயிரு, பஸ்ஸுன்னு எதையாவது பேசுவோம். ஒரு நா என் கையப் பிடிச்சான். நான் உருவிக்கிட்டு வெளிய போயிட்டேன். அது எனக்குத்தான் தெரியும்."

இதை முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னிடம் சொன்னதில்லை.

"சரி, இப்ப ரெண்டு பேரும் சேந்து சொல்லுவோம். அப்பத்தான நம்பும்? ஒண்ணு, ரெண்டு, மூணு."

சொன்னோம். கேன்சர். தள்ளி உட்கார்ந்திருந்ததால் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதி டீயைக் குடித்துவிட்டு இன்னொரு வடை கேட்டார்.

ஜூலை 30, வியாழன்

இரண்டாம் கட்டம். கழுத்தில் இரண்டு இடம், நெஞ்சில் ஒன்று. அதற்குக் கீழே இல்லை. ஆறு சுற்று மருந்து, குணமாக நல்ல வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். "நல்ல வாய்ப்புன்னா நூத்துக்கு எத்தன?" என்று இவரே கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து வாசித்தார். புரியாத வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு டாக்டரை ஒரு வழி பண்ணிவிட்டார். முதல் மருந்து ஆகஸ்ட் பத்து.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மகனிடம் சொன்னோம். போனை நடுவில் வைத்து இரண்டு பேரும் பேசினோம். அழுதான். வருகிறேன் என்றான்.

ஆகஸ்ட் 6, வியாழன்

ஆலய நாட்காட்டியில் இன்று மறுரூபத் திருநாள். மலையின் மேல் ஆண்டவருடைய முகம் சூரியனைப்போல் ஆன நாள். வகுப்பில் இன்று வேறொன்றும் சொன்னேன். இதே ஆகஸ்ட் ஆறில்தான் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. அங்கே ஒளியாகிப் போனது ஒரு கிராம்கூட இல்லை. ஒரே சமன்பாடுதான். சமக்குறிக்கு மனசாட்சி கிடையாது. அதைப் பிரசங்கத்தில் மறைக்கக் கூடாது. இனி எதையும் மறைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பிரசங்கம் முடிந்தது. பதினான்கு நிமிடம்.

எழுத்துக்கு ஒரு பெயர் வைக்கும் வேலையை நான் செய்யவில்லை. சமன்பாட்டில் கிறிஸ்துவின் பெயர் எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முன் வரிசையில் ஜெசிந்தா அக்கா நோட்டை மூடினார்கள். உலகத்தில் எல்லாம் பிடித்து வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறது என்றேன். விறகு, குண்டு, சூரியன், நாம். எல்லாரும் ஏதோ ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறோம். சிலுவையில் ஒருவர் மிச்சம் வைக்கவில்லை. விலையேறப்பெற்ற தைலத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றாமல், ஆண்டவருக்காகப் பரணிக் குப்பியையே உடைத்த, வேதத்தில் வரும் அந்தப் பெண்ணும் வைக்கவில்லை. அதனால்தான் வாசனை வீடு முழுக்கப் போனது. அப்படிக் கொடுப்பது கணக்கில் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைத்திருந்தேன், என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் வந்த பிறகுதான் அதைப் பார்த்தேன் என்று சொன்னேன். மைக்கில்தான் சொன்னேன். பதின்மூன்று நாள் அவரிடம் பொய் சொன்னேன், அன்பு என்று நினைத்து என்னையே இறுக்கிப் பிடித்து வைத்திருந்தேன் என்றும் சொன்னேன். ஆண்கள் பக்கத்தில் இவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலை குனிவார் என்று நினைத்தேன், குனியவில்லை. ஜெசிந்தா அக்காவுக்குத்தான் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்ததும் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

குருவானவர் கைகுலுக்கி, அடுத்த வருடமும் நீங்கள்தான் என்றார். செய்வதாக இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் கட்டிலில் படுத்தார். நாளைக்கு எடுத்துப் போக வேண்டிய பையைப் பக்கத்தில் வைத்து நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாப் பேசுனளா" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நாளைக்கு நெனச்சா எனக்கு பயமா இருக்கு" என்றார்.

கம்பத்தின் உச்சியில் மழையில் நின்ற மனிதர். ஆறுதல் வசனம் பத்து எனக்குத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எனக்கும்தான்" என்றேன். இவர் கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே அழுதோம்.

பிறகு நான் ஜெபம் பண்ணினேன். ஜூலை பதினைந்துக்குப் பிறகு இன்றுதான். ஆண்டவரே, எங்களுக்குப் பயமாக இருக்கிறது. மொத்த ஜெபமும் அவ்வளவுதான். ஆமென் இவர்தான் சொன்னார்.